லேக் ஃபோர்க்கில் தூண்டில்: பாஸ், கிராப்பி, கெளுத்திக்கு ஓராண்டு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்து நண்பகல். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, புதிதாக வாங்கிய தூண்டிலோடு லேக் ஃபோர்க் கரையில் போய் நின்றேன். மாலை வரை கொக்கு போல நின்றதற்குப் பலன் இரண்டு: பிடரியில் வெயில் கொப்புளம், விரல் நீளத்தில் ஒரு சன்ஃபிஷ் குஞ்சு. திரும்பும் வழியில் ஐஸ் வாங்க இரைக்கடை ஒன்றில் நுழைந்தேன். கல்லாவில் இருந்த முதியவர் என்ன இரை போட்டாய், எங்கே நின்றாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "தண்ணீர் எத்தனை டிகிரி இருந்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஐஸோடு ஒரு மிதக்கும் வெப்பமானியையும் என் தலையில் கட்டி அனுப்பினார்.

அதன் பிறகு வாங்கிய விலையுயர்ந்த சாமான்கள் எதுவும் அந்த வெப்பமானி அளவுக்கு எனக்கு மீன் பிடித்துத் தரவில்லை. மீனுக்கு நாள்காட்டி தெரியாது. நீரின் சூடுதான் அதற்குக் கிழமையும் மாதமும். இந்த வழிகாட்டியில் மாதப் பெயர்கள் வருகின்றன; ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள டிகிரியையே நம்புங்கள். எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு, அமெரிக்க வழக்கப்படி.

முதலில் ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேக் ஃபோர்க் இயற்கை ஏரி கிடையாது. சபீன் ஆற்றில் சேரும் லேக் ஃபோர்க் ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். 1980-இல் நீர் தேங்கத் தொடங்கியது. பரப்பு ஏறத்தாழ 27,000 ஏக்கர், மிக ஆழமான இடத்தில் 70 அடி. குவிட்மன், ஆல்பா, எமரி, யாண்டிஸ் ஆகிய சிற்றூர்கள் சுற்றிலும் இருக்கின்றன. நீர் நிரம்புவதற்கு முன் பெரும்பகுதி மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய சாலைகள், வேலிகள், குளக்கரைகள் எல்லாம் இன்றும் அடியில் கிடக்கின்றன. மீனுக்கு அவை வீடு. படகு மோட்டாருக்கு எமன். மிதவைகளால் குறிக்கப்பட்ட படகுப் பாதையை விட்டு விலகினால் நடைவேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

இங்கே மாநில மீன்வளத் துறை ஃப்ளோரிடா வகை லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் வேட்டை மீனின் குஞ்சுகளை விட்டு வளர்த்தது. அதன் விளைவு டெக்சஸ் முழுவதும் பேசப்படுகிறது. மாநிலத்தின் பாஸ் சாதனை இன்றைக்கும் இந்த ஏரியுடையதுதான்: 1992 ஜனவரி 24 அன்று பாரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு மீன். அவர் அன்று பாஸ் பிடிக்கவே போகவில்லை. கிராப்பி என்னும் தட்டையான சிறிய மீனுக்காக ஆழ்நீரில் சிறு மீனை இரையாக இறக்கியிருந்தார். பாஸுக்கென்றே தனித் தூண்டில், தனிப் படகு என்று செலவழித்தவர்கள் எத்தனை பேர் அன்று இரவு தூங்காமல் கிடந்தார்களோ!

உரிமமும் அளவுகோலும்

டெக்சஸ் மீன்பிடி உரிமம் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகும். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் வகையும் உண்டு. நடு ஆண்டில் தொடங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம். வேலைக்காகப் புதிதாகக் குடிவந்தவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 17 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை. ஜூன் மாத முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் இலவசம். வெள்ளோட்டம் பார்க்க நல்ல நாள்.

இந்த ஏரிக்கென்றே இரண்டு தனி விதிகள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பாஸ்: 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ளதை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே நீரில் விட வேண்டும். 16-ஐத் தாண்டாதவையும் 24-ஐத் தொட்டவையும் சேர்த்து நாளைக்கு ஐந்து. அந்த ஐந்தில் 24 அங்குலத்தைத் தொட்டது ஒன்றுதான் இருக்கலாம். முட்டையிடும் நடுத்தர மீன்களைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. என் சொந்த வழக்கம், பெரியது எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. குழம்புக்குக் கெளுத்தி இருக்கும்போது பன்னிரண்டு பவுண்டு பாஸைக் கொன்று என்ன காணப்போகிறோம்?

கிராப்பி: ஆண்டின் பெரும்பகுதி 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், நாளைக்கு 25 வரை எடுக்கலாம். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை விதி தலைகீழாகிறது: எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பிடித்ததை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். முதன்முறை கேட்டபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. காரணம் எளிது. குளிர்காலத்தில் கிராப்பி மிக ஆழத்தில் கிடக்கும். அங்கிருந்து மேலே இழுத்தால் உள்ளிருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. சின்னதை எறிந்துவிட்டுப் பெரியதாக 25 பொறுக்கி எடுப்பவன், அடியில் நூறு பிணங்களை விட்டுச் செல்வான். 25 ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

கெளுத்திக்கு வகை, நீளம், எண்ணிக்கை என்று வரம்பு ஏரிக்கு ஏரி மாறும். செப்டம்பர் தோறும் புதுப்பிக்கப்படும் மாநில விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று தூண்டில் போதும்

கடைக்காரர் முப்பது விற்பார். கிராப்பிக்கு மெல்லிய கோல், 6 பவுண்டு நரம்பு, நழுவும் தக்கை, சின்ன முள், அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக் (ஈயத் தலை கொண்ட முள்) சில. பாஸுக்கு நடுத்தரக் கனமான கோல், மரத்தில் உரசினாலும் தாங்குகிற 15 முதல் 20 பவுண்டு நரம்பு, பிளாஸ்டிக் புழுக்கள், தோட்டா வடிவ ஈயம், வளைந்த முள். கெளுத்திக்கு எந்த முரட்டுக் கோலும் ஆகும். நரம்பில் நழுவி ஓடும் ஈயக்குண்டு ஒன்றும் வட்ட முள்ளும் இருந்தால் சரி.

டெக்சஸ் ரிக் என்பதைக் கட்டாயம் பழகுங்கள். நரம்பில் தோட்டா ஈயத்தைக் கோத்து, முள்ளைக் கட்டி, பிளாஸ்டிக் புழுவின் தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி உடலுக்குள்ளேயே முனையை மறைத்துவிட வேண்டும். முனை வெளியே தெரியாததால் கிளையிலும் பாசியிலும் மாட்டாது. இந்த ஏரியில் திறந்த முள்ளைப் போட்டால் பத்து வீச்சில் ஐந்து முள் போய்விடும்.

பிப்ரவரி: 48 முதல் 58 டிகிரி

ஆண்டின் மிகப் பெரிய பாஸ் இந்த நாட்களில்தான் மாட்டும். சினை நிறைந்த பெண் மீன்கள் ஆழத்திலிருந்து கிளம்பி, ஓடை வாய்களிலும் நீர்ப்பாசித் திட்டுகளின் ஓரத்திலும் 4 முதல் 8 அடி நீரில் வந்து காத்திருக்கும். ஏரியின் எந்தப் பக்கம் போவது? வடகரைக் குடாக்களுக்கு. தாழ்ந்து வரும் தெற்கு வெயில் அங்கே நாள் முழுவதும் விழும், வாடைக் காற்றும் படாது. வெப்பமானியை இரண்டு கரையிலும் வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த மூன்று டிகிரிக்காகத்தான் மீன் வந்திருக்கும்.

இரை: சிவப்பு நிறத்தில், உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் தட்டையான செயற்கை மீன். குளிர் விட்டு வெளியே வரும் நன்னீர் நண்டின் நிறம் அது. வீசி, பாசியில் மாட்டும் வரை சுற்றி, மாட்டியதும் சட்டென்று பிய்த்து இழுங்கள். பிய்ந்து வரும் அந்த நொடியில்தான் அடி விழும். 13 பவுண்டைத் தாண்டிய மீன் கிடைத்தால் உயிரோடு வைத்துக்கொண்டு மாநில மீன்வளத் துறையை அழையுங்கள். ஷேர்லங்கர் என்ற திட்டத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் அத்தகைய மீன்களை ஏதன்ஸ் நகரத்துப் பண்ணைக்குக் கொண்டுபோய் முட்டையிட வைப்பார்கள். அத்திட்டத்தின் முதல் மீனும், 1986 நவம்பரில், இந்த ஏரியில்தான் பிடிபட்டது.

மார்ச் இறுதி, ஏப்ரல்: 60 முதல் 70 டிகிரி

குடும்பத்தோடு வருவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. கிராப்பி முட்டையிடக் கரைக்கே வந்துவிடும். படகு வேண்டாம். நாணல் புதர், படகுத்துறைத் தூண், பாலத்தடிக் கல் என்று 2 முதல் 6 அடி நீரில் எங்கே நிழலும் மறைப்பும் இருக்கிறதோ அங்கே தேடுங்கள்.

1. தக்கையை முள்ளிலிருந்து மூன்றடி மேலே வையுங்கள்.
2. அயிரை அளவில் உயிருள்ள மின்னோ மீனை உதடு வழியாகக் கோத்து, புதரின் ஓரத்தில் மெதுவாக விடுங்கள்.
3. ஐந்து நிமிடம். அசைவில்லை என்றால் ஆழத்தை ஓரடி மாற்றுங்கள். அப்புறம் இடத்தை மாற்றுங்கள்.
4. தக்கை உள்ளே போகலாம், அல்லது படுத்துக்கொள்ளலாம். படுத்தால் மீன் இரையை மேலே தூக்குகிறது என்று பொருள். பலர் தவறவிடுவது இதைத்தான்.
5. வெடுக்கென்று இழுக்காதீர்கள். கிராப்பியின் வாய் காகிதம் போன்றது, கிழிந்துவிடும். கோலைச் சாய்த்துத் தூக்கினால் போதும்.

ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் பத்து இருக்கும். மகளை அழைத்துப் போன ஓர் ஏப்ரல் காலையில் ஒரே புதரடியில் பதினேழு பிடித்தோம். பதினெட்டாவது வரவில்லை என்று வீடு வரும் வரை அவளுக்கு மனக்குறை.

பாஸும் இதே சமயம் கரையோரம் கூடு அமைக்கும். தெளிந்த நீரில் வட்டமாக, துடைத்து வைத்தது போல வெளிறிய தரை தெரியும். அதன் மேல் நின்று காவல் காப்பது ஆண். அதைப் பிடிப்பதற்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் ஆண் மீன் நகர்ந்த மறுநிமிடமே சன்ஃபிஷ் கூட்டம் முட்டையைத் தின்ன வரும். ஆகவே பிடித்தால் அங்கேயே, அந்த நிமிடமே விட்டுவிடுங்கள். படகின் மீன் தொட்டியில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

மே கடைசி, ஜூன்: 75 முதல் 80 டிகிரி

கெளுத்தியின் முறை. நமக்குப் பழகிய மீசைதான், வேறு சாதி: சேனல் கெளுத்தி, நீலக் கெளுத்தி, தட்டைத் தலைக் கெளுத்தி. சேனல் கெளுத்தி பொந்தில் முட்டையிடும். அணையோரக் கற்குவியலும் பாலத்துக் கல்லடுக்கும் அதற்கு மிகவும் பிடித்தவை. மாலை மங்கும் நேரத்தில் கல்லை ஒட்டி, மண்புழுவைத் தக்கையின் கீழ் நாலடியில் விடுங்கள். தூரம் வீசுவது வீண், காலடியில்தான் இருக்கும்.

இதே மாதத்தில் விடியற்காலை அதே கற்களில் ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறு மீன் கூட்டமாக வரும், பின்னாலேயே பாஸ் வரும். மேல்மட்டத்தில் துள்ளும் இரையை அரைமணி நேரம் வீசலாம். சூரியன் மேலே ஏறியதும் கடை கட்டிவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: 85 டிகிரிக்கு மேல்

நான் கோட்டைவிட்ட காலம். வெயிலில் மேல் நீர் சூடேறி லேசாகும், கீழ் நீர் குளிர்ந்து கனமாக அடியிலேயே தங்கும், இரண்டும் கலக்காது. கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை, படகில் மீனையும் ஆழத்தையும் காட்டும் ஒலிமானியின் திரையில் மங்கலான கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இரையை விட்டால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். பெரும்பாலும் 15 முதல் 25 அடிக்குள் அந்தக் கோடு விழும். அதற்குச் சற்று மேலே, நீருக்கடியில் உள்ள மேடு, பழைய சாலை, மூழ்கிய மரம் ஆகியவற்றில்தான் பாஸும் கிராப்பியும் அடைந்திருக்கும். படகு இல்லாதவர்கள் பாலத் தூண்களைத் தேடலாம், அல்லது இரவில் வரலாம். கறுப்பு நிறப் பத்து அங்குலப் பிளாஸ்டிக் புழுவை இரவில் அடித்தரையை ஒட்டி மெல்ல இழுத்தால் பாஸ் எடுக்கும். கறுப்பு ஏன்? வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அதன் உருவம்தான் நன்றாகத் தெரியும்.

பகலில் வந்தே தீருவேன் என்பவர்களுக்குக் கெளுத்தி இருக்கிறது. கிழக்கு டெக்சஸ் வழக்கம் இது: சோளத்தை வாளியில் நீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, சில நாட்கள் வெயிலில் புளிக்க விடுவார்கள். மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நில்லுங்கள். என் மனைவி அந்த வாளியை வாகனக் கொட்டகைக்குள் வைக்க இன்றளவும் அனுமதித்ததில்லை. நின்ற மரங்களின் நடுவே 15 முதல் 20 அடி நீரில் இரண்டு கைப்பிடி போட்டுவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள். பிறகு, குத்தி எடுக்கும் வகைப் பாலாடைக்கட்டி இரையைச் சிறிய மும்முள்ளில் ஏற்றி, படகுக்கு நேர் கீழே இறக்குங்கள். அந்த இரையைக் கையால் தொடக்கூடாது. முள்ளை டப்பாவில் வைத்துக் குச்சியால் அழுத்தி, தூக்கினால் ஏறிவிடும். கையில் பட்டால் மூன்று நாள் சோப்புக்கும் போகாது.

அக்டோபர், நவம்பர்

நீர் 75-க்குக் கீழே இறங்கியதும் ஷாட் கூட்டம் ஓடைகளின் உட்பக்கத்துக்குப் போகும். பாஸ் விடாமல் துரத்தும். பறவைகள் வட்டமிடும் இடத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு வாரம் மேல் நீரும் கீழ் நீரும் புரண்டு கலந்து, ஏரி கலங்கி வாடை அடிக்கும். அப்போது வீட்டில் இருந்து ரீலுக்கு எண்ணெய் போடலாம்.

டிசம்பர், ஜனவரி: 55 டிகிரிக்குக் கீழ்

கிராப்பி பழைய ஓடைத்தடங்களை ஒட்டி 30 அடிக்கும் கீழே திரளும். தக்கை இங்கே உதவாது. படகை நிறுத்தி, ஜிக்கையோ மின்னோவையோ நேராக இறக்கி, திரையில் தெரியும் மீனுக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள். கிராப்பியின் கண் மேல் நோக்கி அமைந்தது. தனக்குக் கீழே உள்ளதை அது சீண்டுவதில்லை. அசைக்காமல் பிடித்திருப்பதுதான் கலை. கை விறைக்கும்போது அதைச் செய்வது எளிதாக இருக்காது. வைத்தே ஆக வேண்டும் என்ற விதி இப்போது நடைமுறையில் இருப்பதை மறக்காதீர்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்தது. குளிர்காலத்தில் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஏரியில் நிற்கும் பட்ட மரங்களில் இரவு தங்கும். மரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகும். அந்த எச்சம் நீரில் விழுவதைத் தின்னக் கெளுத்திகள் மரத்தடியில் கூடிவிடும். வேடந்தாங்கல் எச்சம் வயலுக்கு உரமாகிறதென்றால், இங்கே அது கெளுத்திக்குச் சோறு. காலையில் பறவைகள் கிளம்பிய பிறகு சத்தமில்லாமல் படகைக் கட்டுங்கள். ஷாட்டின் குடலை மிகச் சிறிய ஈயத்தோடு கோத்து, 'சளக்' என்று விழும்படி போடுங்கள்; எச்சம் விழும் ஓசை அது. இரை மெல்ல மிதந்து இறங்க வேண்டும். தொப்பி கட்டாயம். பின்தங்கிய பறவை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்.

கையாளுதலும் சுத்தம் செய்தலும்

விடப்போகும் பாஸைக் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள்.

கெளுத்தியின் முதுகிலும் இரு செவுள் ஓரங்களிலும் உள்ள முட்கள் ஊரில் குத்தியது போலவே இங்கும் குத்தும். விரல்களை அம்முட்களுக்குப் பின்னால் கொடுத்துப் பிடியுங்கள். சுத்தம் செய்ய, தலையை ஆணியில் மாட்டி, செவுளுக்குப் பின்னால் தோலைச் சுற்றிலும் கீறி, குறடால் வால் நோக்கி உரியுங்கள். பெரிய நீலக் கெளுத்தியில் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையை நீக்கிவிட்டால் சேற்று வாடை போய்விடும். புளி கரைத்து மண்சட்டியில் வைத்தால் கேட்க வேண்டியதில்லை. கிராப்பியை இரண்டு பக்கமும் முள்ளில்லாமல் சீவி எடுத்து, மிளகாய்த்தூளும் அரிசி மாவும் தடவி வறுங்கள்; மெல்லிய சதை, இரண்டு நிமிடத்துக்கு மேல் எண்ணெயில் விடாதீர்கள்.

படகில் வந்தவர்களுக்குக் கடைசி வேலை ஒன்று. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் படகு ஓடும்போது உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக் கூடாது என்பது சட்டம். கரை ஏறியதும் அவர்கள் அதைக் கழற்றி வீசும்போது, நீங்கள் படகின் அடைப்பானைக் கழற்றுங்கள். மீன் தொட்டி, இரை வாளி, படகின் அடிப்பகுதி ஆகிய எல்லா நீரையும் ஏரியை விட்டுக் கிளம்பும் முன் வடித்துவிட வேண்டும். வரிச் சிப்பி (zebra mussel) என்னும் அந்நியச் சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அந்த நீரில்தான் அடுத்த ஏரிக்குப் பயணம் போகின்றன. டிரெய்லர் அச்சில் சுற்றிய பாசியையும் பிய்த்துப் போடுங்கள். அடைப்பானை வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் வையுங்கள். அடுத்த முறை அதை மாட்டாமல் படகை நீரில் இறக்கி, துறையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க முழங்கால் நீரில் நின்று இறைத்தவன் சொல்கிறேன்.